காய்ச்சலும் பாய்ச்சலும்: வயலின் வாயுவும் குடும்பத்தின் தேகசுகமும்

நெல் வயலுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும் மாறி மாறிக் கொடுக்கவேண்டும் என்பது நம் முன்னோர் அநுபவத்தால் கண்ட முறையாகும். ஏற்றமும் கவலையும் கொண்டு நீர் இறைத்த காலத்தில் இம்முறை தானாகவே நடந்து வந்தது. மாடும் மனிதனும் களைத்தபோது வயலும் சிறிது காய்ந்தது. மின்சார மோட்டார் வந்தபின் அவ்வித நிர்ப்பந்தம் இல்லாது போயிற்று. பொத்தானை அழுத்தினால் நீர் வருகிறது. வந்த நீர் வயலில் நிற்கிறது. இதன் பயனாகச் செவ்வாப்பேட்டை, திரூர், வேப்பம்பட்டு முதலிய கிராமங்களைச் சுற்றியுள்ள கிணற்றுப் பாசன நிலங்களில் நவரைப் பருவத்து நெல்லுக்கு, நட்ட நாள் தொடங்கி அறுப்புக்குச் சில நாள் முன்வரையில், இடைவிடாது நீர் கட்டும் வழக்கம் பலரிடம் ஏற்பட்டிருக்கிறது.

இவ்வழக்கத்தால் நீர் வீணாவது யாவரும் அறிந்ததே. அதனால் ஆகாயத்தில் ஒரு தீய வாயு சேர்வதையும், அவ்வாயுவைக் குறைக்கும் அதே செய்கை நம் வீட்டாரின் தேகசுகத்தைக் காப்பதையும் அறிந்தவர் சிலரே. பூமியின் உஷ்ணம் ஏறுகிறதென்றும், அதற்குக் காரணமான வாயுக்களைக் குறைக்க வேண்டுமென்றும் பத்திரிகைகளில் நாள்தோறும் செய்தி வருகிறது. குடியானவர்களில் அநேகர் இதைப் பெரிய தேசங்களின் மகாநாட்டு விஷயமென்று எண்ணித் தள்ளிவிடுகின்றனர். உஷ்ணம் தணிவது நம் பேரப்பிள்ளைகள் காலத்து லாபமாயிருக்கலாம். ஆனால் கொசுவும் புகையும் குறைவது இந்தப் பருவத்து லாபம். அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வாயுக்கள் மூன்று

குடியானவன் கவனிக்கத்தக்க வாயுக்கள் மூன்று. முதலாவது கரியமில வாயு. இது நிலக்கரி, டீசல், விறகு, வைக்கோல் ஆகியவற்றை எரிப்பதால் உண்டாகிறது. இரண்டாவது மீதேன். நீர் தேங்கிய வயலில் காற்றுப் புகாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள், அங்குள்ள தழை, வேர், வைக்கோல் முதலியவற்றைச் சிதைத்து இதனை உண்டாக்குகின்றன. பயிரின் தண்டு வழியாகவே இதில் பெரும்பகுதி மேலே வருகிறது. ஆடு மாடுகளின் வயிற்றிலும் சாணக்குழியிலும் இதே வாயு உண்டாகிறது. மூன்றாவது நைட்ரஸ் ஆக்ஸைடு. இது தேவைக்கு மேல் இடும் யூரியா முதலிய தழைச்சத்து உரங்களிலிருந்து வெளிப்படுகிறது.

நூறு வருஷக் கணக்கில் பார்த்தால் மீதேன் வாயு, அதே எடையுள்ள கரியமில வாயுவைப் போல் ஏறக்குறைய 28 மடங்கு உஷ்ணத்தை ஏற்றவல்லது. நைட்ரஸ் ஆக்ஸைடு ஏறக்குறைய 273 மடங்கு. மீதேனிடத்தில் ஒரு நற்குணமும் உண்டு. அது ஆகாயத்தில் ஏறக்குறைய 12 வருஷங்களே தங்குகிறது. ஆகவே இதனை இன்று குறைத்தால் பலனை நம் வாழ்நாளிலேயே காணலாம்.

மீதேனுக்கும் தேகசுகத்துக்கும் நேர்த்தொடர்பு உண்டு. வெயிலில் மற்ற வாயுக்களுடன் கலந்து இது ஓசோனாக மாறுகிறது. வானத்தின் உச்சியிலுள்ள ஓசோன் நம்மைக் காப்பது. தரைமட்டத்து ஓசோனோ நுரையீரலை எரித்து இழுப்பு நோயை அதிகப்படுத்துவது. பயிரின் இலையையும் அது கெடுத்து விளைச்சலைக் குறைக்கிறது. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் ஸ்தாபனம் 2021-ல் வெளியிட்ட அறிக்கையில், மனிதரால் உண்டாகும் மீதேனை 2030-க்குள் 45 சதவிகிதம் குறைத்தால், உலகத்தில் வருஷந்தோறும் 2,60,000 அகால மரணங்களும், இழுப்பு நோயால் ஆஸ்பத்திரிக்குச் செல்லும் 7,75,000 சம்பவங்களும், இரண்டரைக் கோடி டன் பயிர்ச் சேதமும் தவிர்க்கப்படும் என்று மதிப்பிட்டிருக்கிறது.

நிற்கும் நீரும் மூளைக்காய்ச்சலும்

வயலில் இடைவிடாது நிற்கும் நீரால் வரும் தீமையில் மீதேனைவிடக் கண்ணுக்குத் தெரிவது கொசு. நெல்வயல் நீரில் பெருகும் க்யூலெக்ஸ் இனத்துக் கொசுக்கள் சில ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்னும் கொடிய வியாதியைப் பரப்புகின்றன. இவ்வியாதி இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது வேறெங்குமன்று. நமக்கு மேற்கே அண்டையிலுள்ள வேலூர்ப் பக்கத்தில், 1955-ல். பன்றிகளின் உடலிலும் கொக்கு, நாரை முதலிய நீர்ப்பறவைகளின் உடலிலும் இந்நோய்க் கிருமி பெருகுகிறது. அவற்றைக் கடித்த கொசு பின்னர் மனிதரைக் கடிக்கும்போது கிருமி மனிதருக்கு வந்து சேருகிறது. பெரும்பாலும் பாதிக்கப்படுபவர் குழந்தைகளே. பிழைத்தவரிலும் பலருக்குக் கை கால் முடக்கமும் புத்தி மந்தமும் தங்கிவிடுகின்றன. 2006 முதல் இந்தியாவில் பாதிப்புள்ள ஜில்லாக்களில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடப்பட்டு வருகிறது. அதனைத் தவறாது போட்டுக்கொள்வது முதற்கடமை.

ஆயினும் கொசு பெருகும் இடத்தைக் குறைப்பதும் அவசியம். உஷ்ணமான நம் நாட்டில் கொசு முட்டையினின்று புழுவாகிக் கூண்டுப்புழுவாகிப் பறந்து செல்ல ஏறக்குறைய 7 முதல் 10 நாட்கள் ஆகின்றன. அதற்குள் வயலின் நீர் சுண்டிவிட்டால் புழு செத்துப்போகிறது. ஆக, வயலுக்குக் காய்ச்சல் கொடுப்பது மனிதருக்குக் காய்ச்சல் வராமல் தடுக்கும் வழியாகிறது.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. ஒருவர் மட்டும் தம் வயலைக் காயவிட்டு, அண்டை வயல்காரர் நீரைத் தேக்கி வைத்தால் கொசு குறையாது. வயல் மட்டமாயில்லாமல் ஆங்காங்கு பள்ளங்களில் நீர் தங்கினாலும் பயனில்லை. ஆகையால் சேர்ந்தாற்போலுள்ள நிலங்களை வைத்திருப்பவர்கள் ஒருமித்து, ஒரே காலத்தில் இதனைச் செய்யவேண்டும்.

செய்யவேண்டிய முறை

பிலிப்பைன்ஸ் தேசத்திலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் வகுத்துள்ள முறை எளியது. செலவும் மிகச் சொற்பம்.

1. வயலை நன்றாக மட்டப்படுத்துக. வரப்பில் நண்டு வளைகளை அடைத்துச் சேறு பூசுக.

2. ஓர் அடி நீளமும் 4 முதல் 6 அங்குல விட்டமும் உள்ள பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்றை எடுத்து, அதன் கீழ்ப்பாதியில் சுற்றிலும் சிறு துவாரங்கள் இடுக. பருத்த மூங்கில் கிடைத்தால் அதுவும் போதும்.

3. இக்குழாயை வரப்பிலிருந்து எளிதில் பார்க்கக்கூடிய மட்டமான இடத்தில் அரை அடி மண்ணுக்குள்ளும் அரை அடி வெளியிலும் இருக்கும்படி இறக்கி, உள்ளே இருக்கும் மண்ணை எடுத்துவிடுக. மண்ணுக்குள் இருக்கும் நீர்மட்டம் குழாயினுள் தெரியும்.

4. நடவுக்குப்பின் முதல் இரண்டு வாரம் வழக்கம்போல் நீர் கட்டுக. களை மிகுதியாயிருந்தால் மூன்று வாரம் வரை நீட்டிக்கலாம்.

5. பிறகு நீரைச் சுண்டவிடுக. குழாயினுள் நீர்மட்டம் மண்ணின் மேற்பரப்புக்கு 6 அங்குலம் கீழே சென்றதும் 2 அங்குல ஆழத்துக்கு மறுபடி பாய்ச்சுக. மேல்மண்ணில் சிறு வெடிப்பு கண்டு அஞ்சவேண்டாம். வேர் இருக்குமிடத்தில் ஈரம் உண்டு.

6. பூக்கும் தருணத்துக்கு ஒரு வாரம் முன்பும், பூத்தபின் ஒரு வாரமும் பயிர் காயலாகாது. அக்காலத்தில் 2 அங்குல நீர் நிற்கவேண்டும். இதில் தவறினால் பதர் அதிகமாகும்.

7. யூரியாவை ஒரேயடியாகக் கொட்டாமல் பிரித்து, காய்ந்த மண்ணில் பாய்ச்சலுக்குச் சற்று முன்பாக இடுக. நீரோடு அது மண்ணுக்குள் இறங்கும். இலை வண்ண அட்டையை இலையோடு ஒத்துப் பார்த்துத் தேவையான அளவே இடுவது உத்தமம்.

ஏழாவது விதி முக்கியமானது. காயவிடும் வயலில் மீதேன் குறைந்தாலும், உரம் மிகுந்தால் நைட்ரஸ் ஆக்ஸைடு சிறிது அதிகப்படக்கூடும். அன்றியும் மிகையான தழைச்சத்து நைட்ரேட்டாகக் கிணற்று நீரில் இறங்குகிறது. அந்நீரில் பால்மாவு கரைத்துப் புகட்டப்படும் கைக்குழந்தைகளுக்கு அது மிகுந்த கெடுதல்.

மேற்சொன்ன அளவைத் தாண்டாமல் காயவிட்டால் மகசூல் குறைவதில்லையென்றும், பாசன நீரில் 30 சதவிகிதம் வரை மிச்சமாகுமென்றும் அந்நிலையத்தார் கண்டிருக்கின்றனர். இடைவிடாது நீர் நிற்கும் வயலைவிடப் பலமுறை காயவிடும் வயலில் மீதேன் ஏறக்குறைய 45 சதவிகிதம் குறையுமென்பது உலக விஞ்ஞானிகள் குழு 2019-ல் வெளியிட்ட கணக்கு.

இம்முறை நவரைக்கும் சொர்ணவாரிக்கும் ஏற்றது. சம்பாப் பருவத்தில் ஐப்பசி, கார்த்திகை மழை பொழிகையில் வயலைக் காயவிடுவது நம் கையில் இல்லை. பொன்னேரி, மீஞ்சூர்ப் பக்கத்துக் கடலோர நிலங்களில் உவர் உள்ள இடங்களில் இதனைச் செய்யலாகாது. மண் காய்ந்தால் உப்பு மேலே ஏறும்.

குறுகிய காலத்து நெல் இரகங்களைத் தேர்ந்தாலும் வயலில் நீர் நிற்கும் நாட்கள் குறையும். செவ்வாப்பேட்டைக்கு அருகிலேயே திரூரில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருப்பது நம் பாக்கியம். அங்கே உண்டான டி.கே.எம். 6 என்னும் நெல், பிலிப்பைன்ஸில் ஐ.ஆர். 20 என்னும் பேர்பெற்ற இரகத்துக்குப் பெற்றோராயிற்று. உலகுக்கு விதை கொடுத்த நிலையம் பக்கத்தில் இருக்க, எந்த இரகம் என்று கடைக்காரரைக் கேட்டுக்கொண்டு நிற்பானேன்?

மோட்டாரும் நிலக்கரியும்

விவசாய மின்சாரத்துக்கு நாம் பணம் செலுத்துவதில்லை. ஆகவே, நீர் மிச்சமானால் நமக்கென்ன லாபம் என்று சிலர் கேட்கின்றனர். விலை இல்லாத மின்சாரமாயினும் புகை இல்லாத மின்சாரம் அன்று.

5 குதிரைச்சக்தி மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய 4 யூனிட் மின்சாரம் செலவாகிறது. அம்மின்சாரம் நிலக்கரியினின்று வருவதானால் ஏறக்குறைய 3 கிலோ நிலக்கரி எரிகிறது. இந்திய நிலக்கரியில் மூன்றிலொரு பங்கு சாம்பலாதலால், மோட்டார் ஓடும் ஒவ்வொரு மணிக்கும் ஒரு கிலோ சாம்பல் எங்கேயோ குவிகிறது என்று கொள்ளலாம். ஒரு பருவத்தில் 100 மணி நேர ஓட்டத்தைக் குறைத்தவர் ஏறக்குறைய 300 கிலோ நிலக்கரியையும் ஒரு மூட்டைக்கு மேற்பட்ட சாம்பலையும் குறைத்தவராகிறார்.

அந்த இடம் நமக்குத் தூரமும் அன்று. அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம் 1994 முதலும், வல்லூரில் 1500 மெகாவாட் நிலையம் 2012 முதலும் நடந்து வருகின்றன. எண்ணூரில் 1970-ல் தொடங்கிய பழைய நிலையம் 2017 மார்ச்சு மாதத்தோடு மூடப்பட்டது. கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தில் சாம்பல் படிந்து மீனும் இறாலும் குன்றியதை அங்குள்ள செம்படவர்கள் நெடுங்காலமாக முறையிட்டு வருகின்றனர். பூண்டியில் நம் கண்முன் தேங்கும் ஆறே அங்கே கடலில் சேருகிறது. மேற்கே குடியானவன் மோட்டார் ஓட்ட, கிழக்கே செம்படவன் சாம்பலை முகர்வது நியாயமன்று.

கிணற்றிலும் நீர் மிச்சமாகிறது. மீஞ்சூர்ப் பக்கத்தில் அளவுக்கு மிஞ்சி நீர் இறைத்ததால் கடல்நீர் நிலத்தடியில் புகுந்து கிணறுகள் உவர்ப்பானது நாம் அறிந்த பாடம். வசதியுள்ளவர்கள் 2019-ல் மத்திய சர்க்கார் தொடங்கிய பி.எம். குசும் திட்டத்தின் கீழ் சூரியசக்தி மோட்டார் பற்றி வேளாண்மைப் பொறியியல் இலாகாவில் விசாரிக்கலாம்.

வைக்கோலைக் கொளுத்தலாகாது

கையால் அறுத்த காலத்தில் வைக்கோல் போராயிற்று. அறுவடை இயந்திரம் வைக்கோலைச் சிதறிவிட்டுப் போவதால், அடுத்த பருவத்துக்கு அவசரப்படும் சிலர் தீ வைத்துவிடுகின்றனர். ஒரு டன் வைக்கோலை எரித்தால் 1460 கிலோ கரியமில வாயுவும், 60 கிலோ கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சு வாயுவும், 3 கிலோ நுண்ணிய புகைத்துகளும் வெளிவருவதாகக் கணக்கிட்டிருக்கின்றனர். அத்துகள் மயிரிழையிலும் மெல்லியது. மூக்கின் மயிரும் சளியும் தடுக்க மாட்டாமல் நுரையீரலின் அடிவரை சென்று, அங்கிருந்து இரத்தத்திலும் கலந்து, இருமல் இழுப்போடு நில்லாமல் மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றுக்கும் காரணமாகிறது. அதே ஒரு டன் வைக்கோலில் தழைச்சத்து 5.5 கிலோவும் சாம்பல்சத்து 25 கிலோவும் அடங்கியிருக்கின்றன. நெருப்பு வைப்பவர் தம் உர மூட்டைக்கே நெருப்பு வைக்கிறார்.

வைக்கோல் கட்டும் இயந்திரம் இப்போது வாடகைக்குக் கிடைக்கிறது. கட்டிய வைக்கோலை மாட்டுக்கு வைக்கலாம், சிப்பிக் காளான் வளர்க்கலாம், மட்கச் செய்யலாம். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 50 முதல் 60 லிட்டர் நீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூடி 21 நாள் வைத்திருந்து கறவை மாட்டுக்குக் கொடுத்தால் சத்து கூடும். ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுக்கு இதனைக் கொடுக்கலாகாது.

வயலிலேயே மடக்கி உழுவதானால் நடவுக்கு ஒரு மாதத்துக்கு மேல் முன்னதாகக் காய்ந்த நிலத்தில் மடக்குக. நடவுக்குச் சற்று முன் நீர் கட்டிய சேற்றில் மிதித்தால் மீதேன் வெகுவாக அதிகரிக்கும்.

அடுப்படிப் புகை

வயற்புகை வருஷத்தில் சில நாள். அடுப்புப் புகையோ தினம் இருவேளை. விறகு, வறட்டி, மிலார் இவற்றின் புகையால் 2020-ல் உலகத்தில் 32 லட்சம் பேர் அகால மரணமடைந்ததாக உலகச் சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டிருக்கிறது. 2009-ல் லான்செட் என்னும் மருத்துவப் பத்திரிகை வெளியிட்ட ஆராய்ச்சித் தொகுதியில், இந்தியாவில் பத்து வருஷத்தில் 15 கோடி வீடுகளுக்குப் புகை குறைந்த அடுப்புக் கொடுத்தால் ஏறக்குறைய 20 லட்சம் உயிர்களைக் காக்கலாம் என்று கணக்கிட்டிருந்தார்கள். வாயுவைக் குறைக்கும் செய்கைகளில் மலிவாக உயிர் காப்பவற்றுள் இதுவும் ஒன்று என்பது அவர்கள் கருத்து.

சென்னைப் போரூர் ஸ்ரீராமச்சந்திரா மருத்துவ நிலையத்தார் சென்னையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் 1285 கர்ப்ப ஸ்திரீகளைத் தொடர்ந்து கவனித்து 2018-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், காற்றில் நுண்துகள் மிகுந்த இடங்களில் பிறந்த குழந்தைகளின் எடை சிறிது குறைந்திருக்கக் கண்டனர்.

ஆனால் உண்மையை முழுதும் சொல்லவேண்டும். நம் மாநிலத்திலும் குவாதிமாலா, பெரு, ருவாண்டா தேசங்களிலுமாக ஏறக்குறைய 3200 கர்ப்பிணிகளைக் கொண்டு நடந்த மற்றொரு பரீட்சையின் முடிவு 2022-ல் வெளியாயிற்று. அதில் பாதிப்பேருக்குக் காஸ் அடுப்பும் காஸும் இனாமாகக் கொடுத்தார்கள். அவர்கள் சுவாசித்த புகைத்துகள் ஒரு கன மீட்டர் காற்றில் 70.7 மைக்ரோகிராமாய் இருப்பதற்குப் பதில் 23.9 ஆகக் குறைந்தது. ஆயினும் குழந்தைகளின் எடையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் காணப்படவில்லை. ஆகவே அடுப்பை மாற்றினாலே சகலமும் சீர்ப்பட்டுவிடும் என்று எண்ணலாகாது. கர்ப்பிணிக்கு நல்ல ஆகாரமும், வெளிக்காற்றின் சுத்தமும் உடன் வேண்டும். புகை ஏறக்குறைய மூன்றிலொரு பங்காகக் குறைந்ததே கண்ணெரிச்சலும் இருமலும் உள்ள தாய்மாருக்குப் பெரிய ஆறுதல் என்பதில் ஐயமில்லை.

காஸ் அடுப்பு இல்லாத வீடு இப்போது நம் கிராமங்களில் குறைவு. ஆனால் வெந்நீர் காய்ச்சவும் நெல் அவிக்கவும் விறகே எரிகிறது. சிலிண்டர் விலை ஏறினால் சமையலும் விறகுக்குத் திரும்புகிறது. நான்கு மாடு வைத்திருப்பவருக்கு இதற்குப் பரிகாரம் தொழுவத்திலேயே உண்டு. 2 கன மீட்டர் சாண எரிவாயுக் கலத்துக்குத் தினம் 50 கிலோ சாணமும் அதே அளவு நீரும் வேண்டும். ஒரு கன மீட்டர் சாண எரிவாயு ஏறக்குறைய 0.43 கிலோ காஸுக்குச் சமம். ஆதலால் கலம் முழு அளவில் வேலை செய்தால் 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றின் வேலையை 16 அல்லது 17 நாளில் செய்துவிடும். வெளிவரும் கரைசலோ முதல்தர எரு. வறட்டி தட்டினால் எருவும் போகிறது, கண்ணும் போகிறது. கலத்தில் கசிவு இருந்தால் மீதேன் வீணே வெளியேறி எண்ணிய பயனைக் கெடுக்குமாதலால், மாதம் ஒருமுறை குழாய் இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்கவேண்டும்.

ஓர் ஆட்சேபம்

கும்மிடிப்பூண்டியில் உருக்காலைகளும் அத்திப்பட்டில் அனல்மின் நிலையங்களும் புகையைக் கக்கிக்கொண்டிருக்க, ஒரு குடியானவன் தன் வயலில் குழாய்த்துண்டு வைப்பதால் என்ன ஆகிவிடும் என்று கேட்கக்கூடும். கேள்வி நியாயமானது. பெரும்புகைக்குப் பெரியவர்களே பொறுப்பு. அவர்கள் செய்யவேண்டியதைக் குடியானவன் தலையில் சுமத்தலாகாது. ஆனால் வயல் நீரில் பிறக்கும் கொசு வயலுக்குரியவன் வீட்டுக்கே வருகிறது. அடுப்புப் புகை அவன் மனைவியின் நெஞ்சிலேயே தங்குகிறது. தாள் எரித்த புகை அவன் கிராமத்துப் பள்ளிக்கூடத்திலேயே நுழைகிறது. இவற்றைத் தடுக்க ஆலைக்காரரின் அநுமதி வேண்டியதில்லை.

கிராம உத்தியோகஸ்தர்கள் கவனத்திற்கு

இவ்வேலை தனிமனிதரால் முற்றுப்பெறாது. கிராம உத்தியோகஸ்தர்களும் பஞ்சாயத்தாரும் நாலு காரியங்களை ஏற்றுக்கொண்டால் போதும். நவரை நடவுக்கு முன் ஒரே கிணற்று ஆயக்கட்டிலுள்ளவர்களைக் கூட்டி, காய்ச்சல் நாட்களை ஒன்றாக நிர்ணயித்தல். அறுப்புக்கு முன்பே வைக்கோல் கட்டும் இயந்திரத்துக்கு ஏற்பாடு செய்தல். மூளைக்காய்ச்சல் ஊசி போடாத குழந்தைகளின் ஜாபிதாவைக் கிராம சுகாதார நர்ஸிடம் சேர்ப்பித்தல். பன்றி வளர்ப்போரின் பட்டிகளை வீடுகளுக்கு எட்ட வைக்கச் செய்தல் ஆகியவை அவை.

குழாய்த்துண்டு ஒன்றைத் தயாரிக்க அரைமணி நேரம் போதும். முதல் வருஷம் ஒரு காணியில் மட்டும் வைத்துப் பார்த்து, அண்டை வயலோடு மகசூலையும் மோட்டார் ஓடிய மணிகளையும் ஒப்பிட்டு எழுதி வைப்பது நல்லது. கணக்கு கையில் இருந்தால் மற்றவரை நம்பச் செய்வது எளிது. கூப்பிட்ட இடத்துக்கு வந்து குழாய் இறக்கிக் காட்ட இலாகா ஊழியர்கள் சித்தமாயிருக்கின்றனர். வருகிற நவரைக்கு நாற்றங்கால் விடும்போதே குழாயும் தயாராகட்டும்.